கொடைக்கு வரி கேட்டு வந்தால்: நெல்லைப் பக்கத்து நாத்திகருக்குச் சில யோசனைகள்

சித்திரை பிறந்துவிட்டால் நம்ம பக்கம் ஊருக்கு ஊர் கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா, ஆரம்பித்துவிடும். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று சாமி மாறும், தலைக்கட்டுக்கு (ஒரு குடும்பத்துக்கு) இவ்வளவு வரி என்பது மட்டும் மாறாது. சாமி நம்பிக்கை இல்லாதவர் வீட்டுக்கும் நோட்டோடு ஆள் வரும், வருகிறவர் பெரும்பாலும் சொந்தச் சித்தப்பாவாக இருப்பார். அவரை வாசலில் நிறுத்தி 'சாமி இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம்' என்று ஆரம்பித்தீர்கள் என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். துட்டு, சத்தம், பந்தி, பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு, இவற்றில்தான் மதம் நம் கழுத்தைப் பிடிக்கிறது, பேச வேண்டியதும் இவற்றைத்தான்.

வரி என்று பேர் இருக்கிறதே ஒழிய, சட்டத்தின் முன்னால் அது நன்கொடைதான், கொடுக்க முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு மறுக்க, அம்மா ஊரில் இருந்தால், நல்லது கெட்டதுக்கு ஆள் வராமல் போவது அம்மா வீட்டுக்குத்தான். அதனால் என்னைக் கேட்டால், கொடுத்துவிட்டுக் கணக்குக் கேளுங்கள் என்பேன். கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு வரவு செலவு வாசிப்பார்கள்: பந்தல், மைக்செட், சீரியல் லைட், மேளம், வில்லுப்பாட்டு, கிடா, பூ, வேட்டு, கடைசியில் வாய்க்குள்ளேயே 'இதர செலவு' என்று ஒரு பெரிய தொகை. அந்த இதரவில் நிறுத்துங்கள். 'அது என்னன்னு கொஞ்சம் பிரிச்சு வாசிங்க சித்தப்பா' என்றால் போதும், சாமியாடுகிறவரே உங்களோடு சேர்ந்து கேட்பார், அவரும் வரி கட்டியவர்தானே. (வேட்டைக் குறைத்து வில்லுப்பாட்டுக்காரர்களுக்குக் கூட்டிக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். சாமி இல்லை என்பதற்காக வில்லுப்பாட்டு நன்றாக இல்லாமல் போய்விடாது.)

இப்படிக் கேட்பது நம் மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதைப் அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் 1924, 25-ல் எதிர்த்தார்களே, அங்கே கேட்ட கேள்வி கடவுளைப் பற்றியதே கிடையாது. காங்கிரஸ் பணமும் ஊரார் பணமும் வாங்கி நடக்கிற இடத்தில் பிள்ளைகளை ஏன் பிரித்து உட்கார வைக்கிறாய் என்பதுதான். பக்தியுள்ள காங்கிரஸ்காரர்கள் பலரும் பெரியார் பக்கம் நின்றதற்கு அதுதான் காரணம்.

இன்றைக்கும் இன்னாரிடம் வரி வாங்கமாட்டோம், இன்ன தெருவுக்குச் சப்பரம் போகாது என்று சொல்கிற ஊர்கள் இருக்கின்றன. நான்தான் கும்பிடுவதில்லையே, எனக்கென்ன என்று நாத்திகர் ஒதுங்குவது இந்த ஒரு இடத்தில் சரியே இல்லை. உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று அப்படி ஒதுக்கப்படுகிற சாதியினர் கேட்டால் அவர்களோடு நில்லுங்கள், கும்பிடலாமா கூடாதா என்ற பாடத்தை அப்போது நடத்தாதீர்கள். தீண்டாமை காட்டிக் கோயிலில் தடுப்பது 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம், பட்டியல் சாதியினர் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுங்கள், இதில் வேண்டாம்.

சத்தத்துக்கு வருவோம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது, அரசு விழாக்காலத் தளர்வு கொடுத்தாலும் 12 மணி வரைதான். சாமக்கொடை (நடுராத்திரிப் பூசை) நடக்கிற ஊரில் இந்த விதியைத் தூக்கிக்கொண்டு நேரே போலீசுக்குப் போனால் வருஷம் பூராவும் பகை. பந்தலுக்குக் கால் நாட்டுகிற அன்றைக்கே மைக்செட் கட்டுகிற இடத்துக்குப் போய், 'அண்ணாச்சி, தென்னையில கட்டின அந்தக் குழாயை மட்டும் வயக்காட்டுப் பக்கம் திருப்பி விடுங்க, புள்ள நீட் எழுதப் போவுது' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். சர்ச், பள்ளிவாசல் குழாய்க்கும் இதே வழிதான், ஒரு மதத்திடம் மட்டும் கேட்டால் நீங்கள் நாத்திகர் இல்லை, வேறு ஏதோ.

பாளையங்கோட்டையில் பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்களா? அரசு உதவி பெறும் பள்ளி எந்த மதத்துடையதாக இருந்தாலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது, அரசியலமைப்பின் 28(3) அது. தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். பிள்ளைக்கே நண்பர்களோடு போய் நிற்க ஆசை என்றால் விட்டுவிடுங்கள்.

கல்யாணத்துக்கு ஐயர் தேவையில்லை. 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே இந்துத் திருமணம் செல்லும், 90 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். வேறு வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான், அதில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள், வீட்டில் எதிர்ப்பு இருந்தால் அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சாவு வீட்டில் வாதம் கூடாது, ஒன்றைத் தவிர. கணவனை இழந்தவரை உட்கார வைத்து வளையலை உடைக்கிற சடங்கை எடுத்தால், முதல் நாளே வீட்டுப் பெரிய மதினி ஒருவரிடம் சொல்லி நிறுத்தப் பாருங்கள், பெண்கள் சொன்னால்தான் நிற்கும். உங்கள் உடலைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க நினைத்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு விடாமல் பிள்ளைகளிடமும் மச்சான்மாரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அன்றைக்குக் கல்லூரிக்கு போன் போட வேண்டியது அவர்கள்தான்.