முள் என்றால் எந்த முள்? கெளுத்தி வளர்ப்போருக்கு ஒரு சொல்லகராதி தொகுக்கும் முறை

"என் பிளெக்கோவுக்கு முள் தெரிகிறது, என்ன செய்வது?" என்று எங்கள் கெளுத்தி வளர்ப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார். பிளெக்கோ என்பது தொட்டியில் வளர்க்கும், உடலில் எலும்புத் தகடுகள் போர்த்த ஒரு கெளுத்தி வகை. மீன் பட்டினியால் மெலிந்து எலும்பு தெரிகிறது என்று புரிந்துகொண்டவர் இரையைக் கூட்டச் சொன்னார். துடுப்பு முள் தோலைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது என்று புரிந்துகொண்டவர் மருந்து சொன்னார். படம் வந்தபோதுதான், அது பருவமடைந்த ஆண் மீன் என்பதும், கன்னத்தில் முள்போல் அரும்பியிருந்தவை இயல்பான தோற்பற்கள் என்பதும் தெரிந்தன. அந்த மீனுக்கு இரையும் தேவைப்படவில்லை, மருந்தும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு சொல்லகராதி. அதைத் தொகுக்கத் தொடங்கியபோது செய்தவற்றையும், முதலில் தவறாகச் செய்து பின்னர் திருத்திக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆங்கில அகராதி எதையும் திறக்காமல் இருப்பது. அதை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகத் தமிழாக்கத் தொடங்கினால், யாரும் பேசாத சொற்களுக்கு யாரும் தேடாத விளக்கங்கள் சேர்ந்துவிடும். அதற்கு மாறாக, ஒரு மாத காலம் சொற்களைக் காதால் கேட்டுச் சேகரியுங்கள். மீன் கடையில், சந்தையில், குழுவினரின் பேச்சில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அது இடம்பெற்ற முழு வாக்கியத்துடன் தனிச் சீட்டில் எழுதி, சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்பதையும் குறித்து வையுங்கள். வாக்கியம் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மீன் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் இன்னும் நிலைபெறவில்லை என்பதை "டேங்க் இன்னும் சைக்கிள் ஆகல" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், "சைக்கிளிங் செய்தேன்" என்று சொல்பவர் அரிது. ஆகவே எங்கள் அகராதியில் தலைச்சொல் "சைக்கிள் ஆதல்" என்றே இருக்கிறது. தேடி வருபவர் தம் வாயில் இருக்கும் வடிவத்தில்தான் தேடுவார்.

சீட்டுகள் சேர்ந்த பிறகு, எதற்குத் தமிழ்ச்சொல், எதற்குக் கடன்சொல் என்ற வழக்கமான விவாதம் வரும். அதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. மீனின் உடலைப் பற்றிய சொற்கள் மீனவர்களிடமும் சந்தையிலும் உயிரோடு இருக்கின்றன. செவுள், செதில், துடுப்பு, மீசை, சினை, குஞ்சு ஆகியவற்றுக்கு மாற்று தேடுவது வீண். மீசைக்கு "உணரிழை" என்று ஒரு புதுச்சொல் கட்டினால் அதற்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டிவரும். வேதியியலில் நிலைமை வேறு. அம்மோனியா, பி.எச். என்பவை நீர்ச் சோதனைப் பெட்டியின் மேலேயே அச்சாகியிருப்பதால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். இரண்டிலும் சேராத சிலவற்றுக்கு மட்டும் சொல் ஆக்க வேண்டியிருந்தது. "தோற்பல்" அவற்றுள் ஒன்று.

ஒரு பதிவை எப்படி எழுதுவது என்பதை "முள்" என்ற சொல்லையே வைத்துக் காட்டுகிறேன். எங்கள் முதல் வரைவில் "முள்: மீனின் உடலில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி" என்று இருந்தது. இதில் பிழை ஒன்றும் இல்லை; பயனும் ஒன்றும் இல்லை. இப்போது உள்ள வடிவம் இது:

"முள்: மூன்று பொருளில் வழங்கும் சொல். எது என்று தெளிவாகக் குறிக்காமல் தனியே பயன்படுத்த வேண்டாம். முதலாவது துடுப்பு முள்: முதுகுத் துடுப்பின் முன்னும் இரு தோள் துடுப்புகளின் முன்னும் உள்ள உறுதியான எலும்புக் கோல், கெளுத்தி மிரண்டால் இதை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், வலையில் சிக்கினால் இழுக்காமல் வலையை வெட்டி எடுக்கவும். இரண்டாவது எலும்பு முள்: உண்ணும்போது நாம் ஒதுக்குவது, வளர்ப்பில் 'முள் தெரிகிறது' என்றால் மெலிவு. மூன்றாவது தோற்பல்: பிளெக்கோ குடும்பத்து மீன்களின் தகடுகள் மேலும் கன்னத்திலும் முளைக்கும், பல்லின் அமைப்பையே கொண்ட நுண்முட்கள், முதிர்ந்த ஆண்களில் நீண்டு வளரும், நோயன்று. காண்க: தேளி, கொட்டுதல், தகடு."

ஒவ்வொரு பொருளுக்கும் கூடவே ஒரு செயலோ ஒரு விலக்கோ இருப்பதைக் கவனியுங்கள். "நோயன்று" என்ற ஒரு சொல் அந்தப் புதியவரின் மீனை மருந்திலிருந்து காப்பாற்றியிருக்கும். ஒரு சொல் எதைக் குறிக்கவில்லை என்பதை எழுதுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. "காண்க" என்று சுட்டுவதும் அலங்காரத்துக்காக அன்று. தேளி என்னும் கெளுத்தியின் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. அது குத்துவதைத் தமிழில் தேளுக்குச் சொல்வதுபோலவே கொட்டுதல் என்கிறோம். "கொட்டுதல்" பதிவில், குத்துப்பட்ட இடத்தைத் தோல் தாங்கும் அளவு சூடான நீரில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாமல், அமிழ்த்தி வைக்க வேண்டும் என்பதும், வீக்கம் பரவினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைத் தேடுபவருக்கு ஒரு கைதான் ஓய்வாக இருக்கும் என்பதால், முதலுதவியை முதல் வரியிலேயே வைத்துவிட்டோம்.

தமிழில் எழுதுவதாலேயே வரும் ஆபத்து ஒன்று உண்டு. நைட்ரைட், நைட்ரேட் என்னும் இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அவசரமாகப் படிப்பவர் 'ரை'யையும் 'ரே'யையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்ற, மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுத்து, குறைந்த அளவிலேயே கொல்லக்கூடியது. நைட்ரேட்டை மீன்கள் அதைவிடப் பன்மடங்கு தாங்கும், நீரை மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் முதல் வரைவில் ஓரிடத்தில் நானே இரண்டையும் மாற்றி எழுதியிருந்தேன். மூன்று பேர் படித்தும் ஒருவரும் பிடிக்கவில்லை. அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே பதிவில் வைப்பது. சோதனைப் பெட்டியில் காணும் 2, 3 என்ற எண்களை ஒட்டி "நைட்ரைட்-2", "நைட்ரேட்-3" என்று எங்கும் எண்ணோடு எழுதுவது. தமிழ் நடைக்கு இது அழகல்ல என்று ஒருவர் குறைபட்டார். அவர் சொன்னது சரிதான், ஆனாலும் எண்ணை நீக்கவில்லை.

"உப்பு" இதைவிடச் சிக்கலானது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை ஊரெல்லாம் "உப்புத்தண்ணி" என்கிறது. அதில் மிகுந்திருப்பவை பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும். நைட்ரைட்-2 ஏறிய தொட்டியில் சிறிது கல்லுப்பு கரைத்தால் அதிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் புகுவதைக் குறைக்கும் என்பது கெளுத்திப் பண்ணைகளில் நெடுநாளாகப் பயன்படும் உண்மை. "என் வீட்டில் உப்புத்தண்ணிதான், எனவே உப்புப் போடத் தேவையில்லை" என்று ஒருவர் முடிவுகட்டினால், அந்தப் பிழைக்கு மொழிதான் காரணம். எனவே "உப்புத்தண்ணி" என்பதற்குத் தனிப் பதிவு வைத்து, அது கடினத்தன்மையைக் குறிக்கும் வழக்கு என்றும், ஜி.எச். சோதனையால் அளக்கப்படுவது என்றும், கடினத்தன்மையின் அலகான 1 ஜெர்மன் டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்றும் எழுதினோம். அலகு இல்லாத எண்ணை அகராதிக்குள் விடவே கூடாது. நீர்ப் பரிசோதனைக் கூடம் மில்லிகிராமில் தரும் எண்ணையும் சொட்டுச் சோதனை டிகிரியில் தரும் எண்ணையும் ஒன்றென்று எண்ணித் தண்ணீரைப் பாழாக்கியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

கடைப்பெயர்களை அருவருத்து ஒதுக்கிவிடாதீர்கள். புதியவர் கையில் இருப்பது அந்தப் பெயர் மட்டுமே. கடைகளில் "ஷார்க்" என்ற பெயரில் விற்கும் வெள்ளிநிறக் குஞ்சு, சுறாவுக்கு எவ்வகையிலும் உறவில்லாத பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதே கடையில் "ரெட் டெயில் ஷார்க்" என்று விற்பது கெளுத்தியே அன்று, கெண்டை இனத்தைச் சேர்ந்தது. "சக்கர்" அல்லது "டேங்க் கிளீனர்" என்று விரலளவில் வாங்கிவரும் பிளெக்கோ நாற்பது சென்டிமீட்டரைத் தொடும். தொட்டியைத் துப்புரவு செய்வதைவிடக் கூடுதலாகக் கழிவிடும். வளர்ந்தபின் வைத்துக்கொள்ள இயலாதவர்கள் ஏரியில் விட்டதன் விளைவாக இந்த மீன் வண்டலூர் ஏரி உட்படப் பல நீர்நிலைகளில் பெருகியிருப்பது பதிவாகியுள்ளது. ஆகவே கடைப்பெயர்ப் பதிவுகளில் முழு வளர்ச்சி நீளத்தையும், "நீர்நிலையில் விடற்க" என்ற வரியையும் தவறாமல் சேர்க்கவும். நம் நாட்டுப் பெயர்களிலும் குழப்பம் உண்டு. ஆற்று மீனவர் சொல்லும் வாளை பெரிய கெளுத்தி வகை. கடற்கரையில் வாளை என்றால் நாடாபோல் நீண்ட வேறொரு மீன். இடத்தைக் குறிக்காமல் அப்பெயரை எழுதினால் பயனில்லை.

எல் எண்களுக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து அறிவியல் பெயர் சூட்டப்படாத பிளெக்கோக்கள் வந்து குவிந்தபோது, "டாட்ஸ்" என்ற ஜெர்மன் மீன்வளர்ப்பு இதழ் 1988இல் ஒவ்வொன்றுக்கும் படத்துடன் ஓர் எண் கொடுக்கத் தொடங்கியது. எல் என்பது லோரிகாரிடே குடும்பத்தின் முதலெழுத்து. இந்த எண் ஓர் இனத்தின் பெயரன்று. ஓரிடத்தில் பிடிபட்டு ஒரு தோற்றத்தில் காணப்பட்ட மீனுக்கு வைத்த அடையாளம். அதனால் ஒரே இனத்துக்கு இரண்டு எண்கள் அமைவதுண்டு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக்கே உரிய வரிக்குதிரைப் பிளெக்கோ எல் 46 எனப் புகழ்பெற்றது. 1991இல் அதற்கு ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்ற பெயர் கிடைத்தது. வரிகள் வேறுபட்ட அதே இன மீன் எல் 98. அறிவியல் பெயர் கிடைத்த பின்னும் எண் வழக்கொழிவதில்லை என்பதையும் பதிவில் சொல்லிவிடுங்கள். இல்லையேல் பெயரும் எண்ணும் இரு வேறு மீன்கள் என்று எண்ணி இரண்டையும் தேடி அலைவார்கள்.

அறிவியல் பெயரோ நிலையாக நிற்பதில்லை. கோரிடோரஸ் என்று நாம் ஒரே பெயரில் அழைத்துவந்த சிறு கெளுத்திகளின் கூட்டம் 2024இல் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. கடைகளில் வெண்கலக் கோரி என்று கிடைக்கும் கோரிடோரஸ் ஏனியஸ், இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா. இதுபோன்ற பதிவுகளில் பழைய பெயரை அழிக்காமல் "முன்னர்" என்று குறித்து வைத்து, பதிவு திருத்திய ஆண்டையும் அடியில் போடுவது நல்லது. பழைய நூல்களும் கடைப் பலகைகளும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

"நீளம்" என்ற எளிய சொல்லுக்கும் இரண்டு பொருள். அறிவியல் விவரிப்புகளில் மூக்கு நுனி முதல் வால்துடுப்பு தொடங்கும் இடம் வரையிலான உடல் நீளமே தரப்படும். கடைக்காரர் வால் நுனிவரை அளப்பார். வால் இழை நீண்ட வகைகளில் இந்த வேறுபாடு பெரிது. மீசையையும் சேர்த்து அளந்து பெருமைப்பட்ட நண்பர் ஒருவருக்காக, "மீசை கணக்கில் சேராது" என்று ஒரு வரியும் எழுதிச் சேர்த்தோம்.

அகர வரிசையைக் கணினியிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்காதீர்கள். எழுத்துக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள், ஜகரத்தைச் சகரத்துக்கு அடுத்தும், னகரத்தை நகரத்துக்கு அடுத்தும் கொண்டுபோய் வைக்கும். "ப்ளெக்கோ" பௌ வரிசைக்கும் பின்னால் போய்விடும். எழுத்துப்பெயர்ப்பில் பிளெக்கோ, பிளெகோ, ப்ளெக்கோ, பிளக்கோ என நான்கு வடிவங்கள் புழங்குவதால், ஒன்றைத் தலைச்சொல்லாகக் கொண்டு, மற்ற மூன்றிலிருந்தும் அதற்குச் சுட்டு கொடுக்க வேண்டும். சார்க் என்று தேடுபவர் ஷகரத்தின் கீழ் பார்க்க மாட்டார்.

எழுதி முடித்த பதிவைத் தொகுப்பாளர்களே சரிபார்ப்பதில் பொருளில்லை. அவர்களுக்கு விடை முன்பே தெரியும். மீன் வளர்க்காத ஒருவரிடம் கொடுத்து, படித்தபின் என்ன செய்வார் என்று கேளுங்கள். "சைக்கிள் ஆதல்" பதிவை அண்டை வீட்டுக் கல்லூரி மாணவியிடம் கொடுத்தேன். அதில் "பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும், அம்மோனியா, நைட்ரைட்-2 இரண்டும் பூஜ்யமாக வேண்டும்" என்று இருந்தது. அவர் படித்துவிட்டு, "மீனே இல்லாத தொட்டியில் முதல் நாளும் பூஜ்யம்தானே?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. இப்போது அந்தப் பதிவில், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் தொட்டி சைக்கிள் ஆனதாகக் கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறோம். திருத்திய சீட்டை அவரிடம் மீண்டும் கொடுத்தபோது, அந்த அம்மோனியா எந்தக் கடையில் கிடைக்கும் என்றார். அந்த வரியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.