போடியம் கோட்டையைச் சுற்றிப் பார்க்கும் முறை

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள போடியம் கோட்டையை அடைந்ததும் நேரே பாலத்தைக் கடந்து உள்ளே நுழைந்துவிடத் தோன்றும். அந்த ஆவலைச் சற்று அடக்கிக்கொண்டு, முதலில் அகழியின் கரையோரமாக ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். நான்கு மூலைகளிலும் வட்டக் கொத்தளங்களும் அவற்றுக்கிடையே சதுரக் கொத்தளங்களும் நிற்கும் இக்கோட்டையின் முழு வடிவத்தையும் கரையில் நின்றால்தான் காண முடியும்; காற்றில்லாத காலை வேளையில் மதில்கள் நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சிக்காகவே விரைவில் கிளம்பி வரலாம்.

பிரெஞ்சுப் போர்களில் பொருள் ஈட்டித் திரும்பிய சர் எட்வர்ட் டாலிங்ரிக், 1385ஆம் ஆண்டில் மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் அனுமதி பெற்று இதைக் கட்டினார். இன்றைய பாலம் வடகரையிலிருந்து நேராகச் செல்கிறது. பழைய பாலமோ மேற்குக் கரையில் தொடங்கி, நீர் நடுவே உள்ள எண்கோணத் திட்டை அடைந்து, அங்கிருந்து வாயிலை நோக்கித் திரும்பியது. அவ்வழியே இடக்கையில் கேடயம் பிடித்து வருபவரின் காப்பற்ற வலப்பக்கம் மதிலில் நிற்பவர்களுக்கு நேர் இலக்காகிவிடும். மேற்குக் கரையில் சிறிது நேரம் நின்று அந்த வழியைக் கண்ணால் அளந்து பாருங்கள். ஆனால் அகழியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். கரையை வெட்டிவிட்டால் நீரை வடித்துவிடலாம் என்பதால், இது பகைவரைத் தடுக்கக் கட்டப்பட்டதா, உரிமையாளரின் பெருமையைக் காட்டக் கட்டப்பட்டதா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கருத்து.

வாயிலில் நுழையும்போது தலையை உயர்த்துங்கள். மேலிருந்து இறக்கும் பழைய மரத் தடுப்புக் கதவின் பகுதி அங்கே எஞ்சியிருக்கிறது. உட்புறம் பெரும்பாலும் கூரையற்ற இடிபாடு. தெற்குப் பக்கத்தில் அருகருகே உள்ள மூன்று வாசல்களைத் தேடுங்கள். பெருங்கூடத்திலிருந்து சமையலறைக்கும் பண்டக அறைகளுக்கும் சென்ற வழிகள் அவை. தென்மேற்குக் கொத்தளத்தின் அடியில் கிணறும் உச்சியில் புறாக்கூடும் இருப்பது, முற்றுகையின்போது உணவையும் நீரையும் எண்ணிப் பார்த்தவர்களின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. சுவர்களுக்குள் அமைந்த கழிப்பிடங்களின் கழிவு அகழியிலேயே விழுந்தது என்பதையும் அங்கே நினைத்துப் பாருங்கள்.

கொத்தளங்களின் சுழற்படிகள் குறுகலானவை, தேய்ந்தவை. வழுக்காத காலணி தேவை, மழை பெய்திருந்தால் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டென்டர்டன் என்னும் ஊரிலிருந்து நீராவி ரயிலிலும் வரலாம். அது எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் கால அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். 1925 முதல் கோட்டையைப் பராமரித்துவரும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் உறுப்பினர்களுக்கு நுழைவு இலவசம்.