நோக்கியா என்-கேஜ் க்யூடி: பழைய கேம் போனை எழுப்பி விளையாடுவது எப்படி?

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு இரண்டு மாதம் கழித்து நோக்கியா அறிவித்த போன்தான் என்-கேஜ் க்யூடி. இப்போது அதைத் தேடுகிறவர்களில் பலர் அந்தச் சமயத்தில் பிறந்த பிள்ளைகள். வீட்டு பீரோவில் கிடைத்தது என்கிறார்கள், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பார்த்து வாங்கினேன் என்கிறார்கள். கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்தால் ஒரு சாயங்காலத்தில் விளையாட ஆரம்பித்துவிடலாம். வரிசை மாறினால் மெமரி கார்டில் இருந்த விளையாட்டு அழியலாம், போனே பூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் கையில் இருப்பது எது?

என்-கேஜ் இரண்டு வகை. முதலாவது 2003 அக்டோபரில் வந்தது. அதில் எஃப்எம் ரேடியோ உண்டு, எம்பி3 பாடும், கணினியில் இணைக்க மினி யுஎஸ்பி ஓட்டையும் உண்டு. ஆனால் காதில் வைத்துப் பேச, போனின் விளிம்பைக் கன்னத்தில் செங்குத்தாக ஒட்டிப் பிடிக்க வேண்டும். விளையாட்டுக் கார்டை மாற்ற மூடியைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தடவை கார்டு மாற்றும்போதும் போன் அணைந்து மறுபடி எழும்.

க்யூடியில் இந்த இரண்டு தொல்லையும் தீர்ந்தன. கார்டு செருகும் இடம் கீழ் விளிம்புக்கு வந்தது, போன் ஓடும்போதே மாற்றலாம். மற்ற போன்களைப் போலவே பேசலாம். பதிலுக்கு ரேடியோ, எம்பி3, யுஎஸ்பி மூன்றும் போய்விட்டன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் க்யூடியைத்தான் சொல்வேன். விளையாடத்தானே வாங்குகிறோம், பாட்டுக் கேட்க வேறு போன் இருக்கிறது. முதல் வகை ஏற்கனவே கையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லும் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

விற்பவர் 'என்-கேஜ்' என்று சொல்லி என்81 போன்ற நோக்கியா போனைக் காட்டினால் வாங்க வேண்டாம். 2008-இல் நோக்கியா அதே பெயரில் ஒரு விளையாட்டுச் சேவை நடத்தியது. விளையாட்டுகளை இணையத்தில் இறக்கி ஆடும் முறை அது. 2010-ஓடு மூடிவிட்டார்கள்.

காசு கொடுக்கும் முன்

பேட்டரி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்து விரலால் சுண்டிவிடுங்கள். பம்பரமாகச் சுற்றினால் அது உப்பிப்போன பேட்டரி. அதைப் போனில் போடவே கூடாது, சார்ஜும் ஏற்றக் கூடாது.

அடுத்தது பட்டன்கள். இடது பக்கத் திசை பட்டனை நாலு பக்கமும் அழுத்திப் பாருங்கள். வலது பக்க எண்களில் 5, 7 இரண்டையும் தனியாகச் சோதியுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் குதிப்பது, சுடுவது எல்லாம் அந்த இரண்டில்தான், அதனால் முதலில் தேய்வதும் அவைதான். வெளிப் பேனல் புத்தம் புதிதாகப் பளபளத்தால் பிற்பாடு மாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனல் மாற்றியது ஒரு குறையில்லை, ஆனால் அப்படி மாற்றிய போனில் பட்டன்களின் அழுத்தத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

போன் எழுந்ததும் \*#06# அடியுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண் வரும். பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுப் போனா என்று பார்க்க, கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு அந்த எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். அரசின் சேவை அது. பழைய போன்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

எந்த நாட்டிலிருந்து வந்த போன் என்றும் கேளுங்கள். க்யூடி இரண்டு அலைவரிசைப் போன். நம் ஊருக்கு 900/1800 வேண்டும். அமெரிக்காவில் விற்றது 850/1900, அதில் இங்கே சிக்னல் வராது. விளையாட மட்டும் போதும் என்றால் அதையும் வாங்கலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பேட்டரி, சார்ஜர்

முதல் வகைக்கு பிஎல்-5சி. நோக்கியா 1100-இல் போட்ட அதே பேட்டரி. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம், கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எந்த செல்போன் கடையிலும் கேட்டுப் பாருங்கள், இன்னமும் கிடைக்கும், ஏனென்றால் கையடக்க ரேடியோக்களுக்கும் சின்ன ஸ்பீக்கர்களுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். க்யூடிக்கு வேண்டியது பிஎல்-6சி. அது கடைகளில் அரிது, ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும். க்யூடியில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்.

பழைய ஒரிஜினல் பேட்டரி கிடைத்தால் வாங்காதீர்கள். 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை ஒரு நிறுவனம் தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜில் சூடேறுகின்றன என்று 2007-இல் நோக்கியாவே எச்சரித்து மாற்றிக் கொடுத்தது. மொத்தம் 4.6 கோடி பேட்டரிகள். நம்மூரில் அப்போது எல்லோரும் பேட்டரியைக் கழற்றி எண்ணைப் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். அதை விட்டாலும், இருபது வருஷம் சும்மா கிடந்த லித்தியம் பேட்டரி சார்ஜை நிறுத்தி வைக்காது. புதிதாக வாங்குவதே சரி.

சார்ஜர் நோக்கியாவின் பெரிய பின். கடையில் "அண்ணா, பெரிய பின் சார்ஜர் இருக்கா?" என்று கேட்டாலே போதும், எடுத்துக் கொடுப்பார்கள். சின்ன பின் சார்ஜர்தான் இருக்கிறது என்றால், சின்னதைப் பெரிதாக்கும் குட்டி கனெக்டரைக் கேளுங்கள். முதல் வகையில் உள்ள யுஎஸ்பி ஓட்டையில் சார்ஜ் ஏறாது, அது கணினிக்குக் கோப்பு அனுப்ப மட்டும்.

முழுதாக இறங்கிய பேட்டரி என்றால் சார்ஜரைச் செருகியதும் திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். முதல் தடவை பக்கத்திலேயே இருங்கள், இரவில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

சிம்

இது 2ஜி போன். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் ஜியோ சிம் எடுபடாது. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம்கள் 2ஜி சிக்னல் உள்ள இடத்தில் வேலை செய்யும். போனுக்கு வேண்டியது பெரிய சிம். நானோ சிம் என்றால் அடாப்டரில் வைத்துப் போட வேண்டும். அடாப்டரில் சிம்மைச் சரியாக அழுத்தி, மெல்லிய செல்லோ டேப்பைப் பின்பக்கம் ஒட்டிய பிறகே உள்ளே தள்ளுங்கள். வெறும் அடாப்டரைத் தள்ளி இழுத்தால் உள்ளே இருக்கும் பின்கள் மாட்டி வளையும், அதைச் சரிசெய்யப் போனைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நன்றாக நடக்கும். வாட்ஸ்அப், யுபிஐ எதுவும் இதில் கிடையாது. இன்றைய இணையதளங்களையும் திறக்காது.

பழைய ஆளின் விவரங்களைத் துடைப்பது

முதலில் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். அப்புறம் \*#7370# அடியுங்கள். பூட்டு எண் கேட்கும், கம்பெனியில் வைத்தது 12345. முந்தைய ஆள் மாற்றியிருந்தால் இது ஏற்காது, அதனால் வாங்கும்போதே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மாற்றி மாற்றி எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். போன் அழித்து எழும் வரை எந்தப் பட்டனையும் தொடாமல் விடுங்கள். எழுந்ததும் தேதி, நேரம் கேட்கும்.

கார்டு

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். என்-கேஜ் கேட்பது எம்எம்சி கார்டு. பார்க்க எஸ்டி கார்டு மாதிரியே இருக்கும், ஆனால் எம்எம்சி 1.4 மில்லிமீட்டர் தடிமன், எஸ்டி 2.1. எஸ்டியை இதில் திணித்தால் செருகும் இடம் கெடும். பின்பக்கம் உள்ள தங்க நிறக் கோடுகளை எண்ணினால் சுலபமாகத் தெரியும்: பழைய எம்எம்சியில் 7, எஸ்டியில் 9. பாதி அளவில் வரும் ஆர்எஸ்-எம்எம்சியை அதற்கான நீட்டியில் போட்டும் பயன்படுத்தலாம்.

விளையாட்டுகள் தனித்தனி எம்எம்சி கார்டுகளில்தான் விற்றன. கார்டைச் செருகினால் மெனுவில் விளையாட்டின் படம் வந்துவிடும், அதைத் திறந்தால் போதும். வேறெதுவும் நிறுவ வேண்டாம். விளையாட்டுக் கார்டு உள்ளே இருக்கும்போது மெமரி பக்கத்தில் 'ஃபார்மேட்' என்பதைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் படங்களுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் ஒரு வெற்றுக் கார்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 64 எம்பி, 128 எம்பியே தாராளம். போனுக்குள் இருக்கும் இடம் வெறும் 3.4 எம்பிதான் என்பதை மறக்க வேண்டாம். அந்த வெற்றுக் கார்டை மட்டும் போனிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கார்டு தெரியவில்லை என்றால் உடனே கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். செல்போன் ரிப்பேர் கடையில் இருக்கும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டு அந்தக் கோடுகளைத் துடைத்து, காயவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

எந்த விளையாட்டில் தொடங்கலாம்?

திரை 176-க்கு 208 புள்ளிகள், அகலத்தைவிட உயரம் அதிகம். இதை மனதில் வைத்துத்தான் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோனிக் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் முதலில் சோனிக்-என் தேடுவார்கள். வலது பக்கம் பாய்ந்து ஓடும் விளையாட்டு அது. குறுகிய திரையில் எதிரே வருவது கடைசி நொடியில்தான் தெரியும். ஆரம்பத்திலேயே அதைப் போட்டால் போனின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

என் முதல் சிபாரிசு பாத்வே டு க்ளோரி. ரெட்லிங்க்ஸ் என்ற ஃபின்லாந்து நிறுவனம் 2004-இல் இந்தப் போனுக்காகவே செய்தது. இரண்டாம் உலகப்போர்க் களம், முறை வைத்து ஆடுவது. அவசரமில்லை, யோசித்து நகர்த்தலாம். பாதியில் அழைப்பு வந்தாலும் ஒன்றும் கெடாது. ஒரே போனைக் கை மாற்றி மாற்றி இரண்டு பேர் ஆடலாம் என்பது இன்னும் சிறப்பு. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தம்பியோடு ஆடி முடிக்கலாம்.

வேகம் வேண்டுமென்றால் டோனி ஹாக் ஸ்கேட்டிங். 104 மெகாஹெர்ட்ஸ் செயலியில், 2003-இல் ஒரு போனில் முப்பரிமாணம் இவ்வளவு சரளமாக ஓடியதை ஆடிப் பார்த்தால்தான் நம்ப முடியும். மேலிருந்து கட்டிகள் விழும் புயோ பாப் இந்த உயரமான திரைக்கென்றே அளந்தது போலப் பொருந்தும். ஆஷென் சுடும் விளையாட்டு, இருட்டான காட்சிகள் அதிகம், நல்ல வெயிலில் ஒன்றும் தெரியாது. சித்திரை மதியத்தில் அதை வெளியே எடுக்க வேண்டாம்.

விளையாட்டைத் திறக்கும் முன் ஒரு சின்ன வேலை. மெனு பட்டனை அழுத்திப் பிடித்தால் பின்னால் ஓடிக்கொண்டிருப்பவை வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் நின்று 'சி' பட்டனைத் தட்டி மூடிவிடுங்கள். நினைவகம் குறைந்த போன் என்பதால் இதைச் செய்தால் பாதியில் உறைவது நன்றாகக் குறையும்.

ப்ளூடூத்

இணையம் வழியே சேர்ந்து ஆட நோக்கியா நடத்திய என்-கேஜ் அரீனா எப்போதோ மூடிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஆட மிஞ்சியிருப்பது ப்ளூடூத். அதற்கு ஸ்னேக்ஸ் மிக நல்லது. 2005-இல் நோக்கியா இலவசமாக விட்டது, ஒரு என்-கேஜிலிருந்து இன்னொன்றுக்கு ப்ளூடூத்திலேயே அனுப்பிக்கொள்ளலாம், நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். ஓசூரில் ஒருவரிடமும் உங்களிடமும் ஆளுக்கொன்று இருந்தால் சந்தித்து ஆடிப் பாருங்கள், தனியாக ஆடுவதைவிடப் பல மடங்கு உற்சாகம்.

க்யூடிக்குக் கோப்பு அனுப்பவும் ப்ளூடூத்தான் வழி. கணினியில் 'ப்ளூடூத் வழியே கோப்பு அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்து எஸ்ஐஎஸ் கோப்பை (இந்தப் போனில் மென்பொருள் நிறுவும் கோப்பு) அனுப்பினால், அது எஸ்எம்எஸ் வரும் இன்பாக்ஸிலேயே வந்து உட்காரும். அதைத் திறந்தால் நிறுவலாம். முதலில் எஃப்எக்ஸ்புளோரர் என்ற கோப்பு மேலாளரை நிறுவிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கார்டு ரீடர் மூலம் வெற்றுக் கார்டில் ஏற்றியதையும் போனிலிருந்தே திறக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. செல்போன்களில் ப்ளூடூத் வழியே பரவிய முதல் வைரஸான கபீர், 2004-இல் என்-கேஜில் ஓடும் இதே சிம்பியன் சீரிஸ் 60 மென்பொருள் உள்ள போன்களில்தான் பரவியது. கரீபே (caribe) என்ற பெயரில் ஒரு எஸ்ஐஎஸ் கோப்பாக வரும். அதனால் ஆடாத நேரத்தில் ப்ளூடூத் அமைப்பில் 'விசிபிலிட்டி'யை 'ஹிட்டன்' என்று வையுங்கள். யார் அனுப்பியது என்று தெரியாத எஸ்ஐஎஸ் கோப்பை நிறுவாதீர்கள். பழைய தளங்களில் அள்ளிக் கிடக்கும் 'க்ராக்' விளையாட்டுக் கோப்புகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

போன் கிடைக்கவே இல்லை என்பவர்கள் இகேஏ2எல்1 என்ற எமுலேட்டரை, அதாவது அந்தப் போனைப் போல நடிக்கும் மென்பொருளைப் பார்க்கலாம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் என்-கேஜ் விளையாட்டுகள் பலவற்றை ஓட்டும். விளையாட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அது போதும். 5-ஐயும் 7-ஐயும் கட்டை விரலால் அழுத்தி ஆடும் பிடி அதில் வராது.

ஆடாமல் வாரக்கணக்கில் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். மாடி அறை, தகரக் கொட்டகை, வண்டி டேங்க் கவர் மூன்றும் வேண்டாம், நம் பக்கத்து வெயிலுக்கு அங்கெல்லாம் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும். கார்டுகளைத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, எந்தக் கார்டில் எந்த விளையாட்டு என்று உறையின் மேல் எழுதிவிடுங்கள். கார்டின் மேலேயே சீட்டு ஒட்டாதீர்கள், அந்தத் தடிமனில் கார்டு உள்ளே மாட்டிக்கொள்ளும்.