ஹிஜ்ரத் பாடத்தைக் கைத்தொலைபேசியில் நடத்துவது எப்படி?

கொழும்பு மருதானையில், முஸ்லிம் பிள்ளைகளுக்கான ஞாயிறு மார்க்க வகுப்பான அஹதிய்யாவில், ஹிஜ்ரத் (நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்து சென்ற பயணம்) எப்போது என்று கேட்டால், 622 என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லுவார்கள். மக்காவிலிருந்து மதீனா எந்தத் திசையில் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். ஆண்டு மனனமாகியிருக்கிறது, பயணம் மனதில் பதியவில்லை. கைத்தொலைபேசியில் இதுவரை பாடம் நடத்தியிராத ஆசிரியர்களுக்காக இந்த ஒரு பாடத்தை முழுதாகச் செய்துகாட்டுகிறேன்.

படி 1: தூரத்தை அளத்தல்

வைஃபை இருக்கும் இடத்தில் கூகுள் எர்த் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம் பள்ளிவாசலைத் தேடி எடுங்கள். அளவுகோல் அடையாளத்தைத் தொட்டு, அங்கிருந்து மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி பள்ளிவாசல் வரை கோடு இழுங்கள். நேர்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் வரும். பிறகு கொழும்பிலிருந்து பருத்தித்துறைக்கு இழுத்துக் காட்டுங்கள். அது இதைவிடக் கொஞ்சம் குறைவு. இலங்கையின் நீளத்தை ஒட்டகத்தில் கடந்த பயணம் என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கும்.

படி 2: தவ்ர் மலை

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். மக்காவுக்குப் பக்கத்திலுள்ள தவ்ர் மலையைத் தேடி, இரு விரல்களால் திரையை மேல்நோக்கித் தள்ளுங்கள். படம் சாய்ந்து, மொட்டைப் பாறைகள் எழுந்து நிற்கும். இப்போது எதுவும் சொல்லாமல் காத்திருங்கள். "சேர், மதீனா வடக்கில்தானே? இந்த மலை தெற்கில் இருக்கிறதே?" என்று ஒரு பிள்ளை கேட்கும். எங்கள் வகுப்பில் கேட்டவள் பத்து வயதுச் சிறுமி.

நபியைப் பிடிக்கத் தேடி வருகிற மக்காவின் எதிரிகள் வடக்கு வழியைத்தான் பார்ப்பார்கள். அதனால் நபி (ஸல்) அவர்களும் அவரது தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களும் எதிர்த்திசையில் சென்று, மூன்று இரவுகள் இந்த மலையின் குகையில் தங்கினார்கள். அபூபக்ரின் ஆடுகளை மேய்த்த ஆமிர் இப்னு ஃபுஹைரா அவற்றை ஓட்டிவந்து காலடித் தடங்களை அழித்தார். வழிகாட்டியான அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். திட்டமிடலும் தவக்குலும் (அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுதல்) சேர்ந்தே நடந்ததை அந்த மலையே சொல்லித்தருகிறது.

படி 3: குரல் பதிவு

நான் முதலில் நீண்ட காணொளிகளை அனுப்பினேன். பெற்றோரின் டேட்டாதான் தீர்ந்தது. இப்போது வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்கள் மூன்று, இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று, அவ்வளவுதான். மஃரிப் (மாலைத்) தொழுகைக்குப் பிறகு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். வாப்பாவின் தொலைபேசி வீட்டுக்கு வந்திருக்கும். நபிமார்களை உருவமாகக் காட்டும் கார்ட்டூன்களையும், ஆதாரம் தெரியாத ஃபார்வர்ட் செய்திகளையும் குழுவில் அனுமதிக்காதீர்கள்.

படி 4: கொழும்பில் ஒரு தேடல்

வரலாறு அரேபியாவோடு முடிந்துவிடவில்லை என்று காட்ட, பிள்ளைகளைப் பெற்றோருடன் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டுக் கல் அது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற இந்துக் கடவுளையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. படமெடுக்கலாமா என்று காவலரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அனுமதி இல்லையென்றால் தாளில் வரைந்து, அதைப் படமெடுத்து அனுப்பட்டும். குழுவில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கல்லில் தமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது?