தலப்படத்தில் ரேஸ்டிராக் பள்ளத்தாக்கைப் படிப்பது எப்படி?

நிலத்தின் மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம்தான் தலப்படம். அதைப் படிக்கப் பழகுபவர்கள் முதலில் சிகரத்தைத்தான் தேடுவார்கள். பாலைவனப் பள்ளத்தாக்குக்கு அது சரிவராது. கோடே இல்லாத வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கலிபோர்னியாவில் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ரேஸ்டிராக் பள்ளத்தாக்கு இதற்கு அருமையான பாடம்.

1. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 அளவைத் தாளை எடுங்கள். படத்தில் 1 செ.மீ., தரையில் 240 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை சம உயரக் கோடுகள். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர இடைவெளி எத்தனை அடி என்பதைக் கீழ் விளிம்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கோடுகள் விலகி நிற்கும் வெற்றிடத்தைத் தேடுங்கள். அதுதான் வறண்ட ஏரிப்படுகை. 4.5 கி.மீ. நீளம் என்பதால் தாளில் ஏறக்குறைய 19 செ.மீ. வரும். அதன் வடகோடிக்கும் தென்கோடிக்கும் உயர வேறுபாடு சில சென்டிமீட்டர்தான். வடக்கு சற்றே மேடு. அதற்குள் எந்தக் கோடு விழும்?

3. இப்போது மேற்கே நகருங்கள். படுகை சுமார் 3,708 அடி, உபஹீபி சிகரம் 5,678 அடி. இடைவெளி 40 அடி என்றால் நடுவில் 49 கோடுகள் நெருக்கியடித்து நிற்கும். நெருக்கம் என்றால் செங்குத்து.

4. இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மலையிடுக்கில் கோடுகள் 'ட' போல மடங்கி, முனையை மேட்டுப்பக்கம் நீட்டும்; அது வெள்ளம் இறங்கும் வழி. இடுக்கின் வாயைத் தாண்டியதும் கோடுகள் எதிர்ப்பக்கம், அதாவது பள்ளத்தை நோக்கி, வில்லாகப் புடைக்கும். குறுகிய வழியில் பாய்ந்த வெள்ளம் திறந்த வெளியில் வேகம் இழந்து, சுமந்துவந்த கல்லையும் மணலையும் விசிறிபோலப் பரப்பிவிட்ட இடம் அது. வண்டல் விசிறி என்பார்கள். கோடு திரும்பும் அந்த ஒரு புள்ளியைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பாலைவனத் தாளும் உங்களுக்குப் பேசத் தொடங்கிவிடும்.

5. கடைசியாகத் தென்கோடி. அங்கே செங்குத்தான டோலமைட் பாறைச்சரிவு படுகையைத் தொட்டு நிற்கிறது. புகழ்பெற்ற நகரும் கற்களில் பல அங்கிருந்து உருண்டவை. தேங்கிய நீர் இரவில் மெல்லிய பனித்தகடாக உறைந்து, பகலில் உடைந்து, இளங்காற்றில் மிதந்து கற்களைத் தள்ளுவதை ஆய்வாளர்கள் 2013 டிசம்பரில் நேரில் கண்டார்கள். அந்த நீர் தெற்கே தேங்கியதற்குத் தாளில் எந்தக் கோடும் காட்டாத அந்தச் சில சென்டிமீட்டர் சரிவே போதுமாக இருந்தது.