சா கலோப்ரா மலைப்பாதையில் மிதிவண்டி ஓட்டச் செல்வோருக்கு

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், வடமேற்குக் கடற்கரையை ஒட்டி எழும் திராமுந்தானா மலைத்தொடருக்கு மிதிவண்டியுடன் செல்பவர்கள், சா கலோப்ரா என்னும் கடலோரச் சிற்றூருக்கான பாதையை அதிகாலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. காலை ஏற ஏற, சுற்றுலாப் பேருந்துகள் குறுகிய வளைவுகளை முழுவதுமாக அடைத்துக்கொண்டு வரும்.

இந்தப் பாதை கடலோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, முதலில் இறங்கி, பிறகு அதே வழியில் ஏறியே திரும்ப வேண்டும். ஏற்றம் சுமார் 9.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு ஏறத்தாழ 7 சதவீதம். இறக்கம் தரும் உற்சாகத்தில் கீழே வெகுநேரம் தங்கிவிட்டால், வெயில் ஏறிய பாறைகளுக்கு நடுவே கால்கள் துவண்டுபோகும். தண்ணீர்க் குப்பிகளைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். சக்கர விளிம்பையே அழுத்தி நிறுத்தும் விளிம்பு பிரேக் உள்ள வண்டிகளில் சக்கர விளிம்பு தொடமுடியாத அளவு சூடாவதை இது தவிர்க்கும். வளைவுக்கு அப்பால் ஆடுகள் நிற்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உச்சிக்கு அருகே, கழுத்துப்பட்டையின் முடிச்சைப் போல, சாலை தன்னையே சுற்றித் தனக்கு அடியில் நுழையும் இடம் ஒன்று உண்டு. பொறியாளர் அந்தோனியோ பரியெத்தியின் அந்த அழகிய வடிவமைப்பை ஏறி வரும்போது நின்று பாருங்கள். இந்தப் பாதை பிரியும் மா-10 நெடுஞ்சாலைக்குத் திரும்பியபின் சோயெர் நகரை நோக்கிச் செல்வோர், சுரங்கப்பாதைகளுக்காக முன்விளக்கையும் பின்விளக்கையும் அவசியம் வைத்திருக்க வேண்டும்.