பர்மிங்ஹாமில் நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்ஹாமுக்கு விமானத்தில் போனால், இறங்கும் நிலையத்தின் பெயரிலேயே ஷட்டில்ஸ்வொர்த் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலானோர் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கவனிக்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்புறம், கறுப்பினத்தவர் சம உரிமைக்காகப் போராடிய குடிமை உரிமைப் பேட்டையில் நடைச்சுற்றுலா தொடங்கியதும் வழிகாட்டியிடம் கேட்கும் முதல் கேள்வி, "மார்ட்டின் லூதர் கிங் நின்ற இடம் எது?"

கிங்கைத் தேடுவது தவறில்லை. கிங்கை மட்டும் தேடுவதுதான் தவறு. ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் இந்த ஊரில் ஊழியம் செய்த போதகர். 1956 கிறிஸ்துமஸ் இரவில் அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவர் இடிபாட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தார். மறுநாளே ஆட்களைத் திரட்டிக்கொண்டு, வெள்ளையருக்கென்று ஒதுக்கிய பேருந்து இருக்கைகளில் போய் உட்கார்ந்தார். 1963-ல் கிங் இங்கே வந்ததே அவர் அழைத்ததால்தான். குடிமை உரிமைக் கழகம் என்ற அருங்காட்சியகத்தின் வாசலில் ஷட்டில்ஸ்வொர்த்துக்குச் சிலை இருக்கிறது. நடையை அங்கிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அவசரம். கழகம், கெல்லி இங்கிராம் பூங்கா, 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் மூன்றும் ஒரே சந்திப்பைச் சுற்றி இருப்பதால், "அரை மணி நேரம் போதும்" என்று கணக்குப் போடுகிறோம். பூங்காவுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். 1963 மே 2-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் இனப் பாகுபாட்டை எதிர்த்து வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தேவாலயத்திலிருந்து அணி அணியாகப் பாடிக்கொண்டு வந்து கைதானார்கள். மறுநாள் நகரப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர், தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவிவிட்டார். தேவாலயப் படிக்கட்டில் நின்று பாருங்கள்: பூங்கா எதிரிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு எதிரில் என்ன காத்திருக்கிறது என்பது தெரியாமல் இல்லை.

பூங்காவில் ஜேம்ஸ் டிரேக் வடித்த சிற்பம் ஒன்று உண்டு. இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் உலோக நாய்கள் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்கின்றன. பாதை அவற்றின் நடுவே போகிறது. உடம்பைக் குறுக்காமல் அதற்குள் நடப்பது கடினம். நான் போன அன்று ஒரு குடும்பம், குழந்தையை நாயின் வாயருகே நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தது. எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சற்றுத் தள்ளிப் போய், அவர்கள் முடிக்கும் வரை மரத்தடியில் நின்றார். படம் எடுங்கள், ஆனால் அங்கே சிரிக்க வேண்டாம்.

வயதான வழிகாட்டி கிடைத்தால், "உங்களையும் அடித்தார்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவரே சொல்வார். இன்னொன்று, பழைய தமிழ்ப் புத்தகங்களில் படித்த 'நீக்ரோ' என்ற சொல் நம் வாயில் சட்டென்று வந்துவிடும். அதை அங்கே சொல்லவே கூடாது. நமக்குள் பேசும்போதும் கறுப்பினத்தவர் என்றே சொல்லலாம்.

"எல்லாம் நம்ம காந்தி காட்டிய வழிதானே" என்று வழிகாட்டிக்கு விளக்குகிறவர்களும் உண்டு. கிங் 1959-ல் இந்தியாவுக்கு வந்தார், காந்தியின் வழியிலிருந்து கற்றார், சரி. ஆனால் பர்மிங்ஹாமில் ஊர்வலம் போனவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி அட்டையின் முதல் வரி, இயேசுவின் வாழ்வையும் போதனையையும் தினமும் தியானிக்கச் சொல்கிறது. அந்தத் துணிச்சல் பெரும்பாலும் தேவாலயத்தில் பாடிப் பாடி வந்தது. அதைக் கேட்கத்தானே போகிறோம்?

அந்தத் தேவாலயத்தை அருங்காட்சியகம் என்று நினைப்பதும் தவறு. அங்கே இன்றும் ஞாயிறு ஆராதனை நடக்கிறது. வழிபட வருவதானால் வாருங்கள். சுற்றிப் பார்ப்பதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1963 செப்டம்பர் 15-ம் ஒரு ஞாயிறுதான். காலை 10:22-க்கு தேவாலயத்தில் டைனமைட் வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது, டெனிஸ் மெக்நேருக்கு 11. அன்றே நகரில் கறுப்பினச் சிறுவர்கள் இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். வர்ஜில் வேருக்கு 13 வயது, ஜானி ராபின்சனுக்கு 16. நான்கு பேரோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். "அந்தக் காலத்து விஷயம்" என்றும் ஒதுக்க முடியாது. குண்டு வைத்தவர்களில் ஒருவர் 1977-லும், மற்ற இருவர் 2001, 2002-லும்தான் தண்டிக்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் இருந்திருந்தால், கடைசித் தீர்ப்பின்போது மூத்தவர்களுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

உள்ளே போனால் வேல்ஸ் மக்கள் அனுப்பிய கண்ணாடி ஜன்னலைப் பார்க்காமல் வராதீர்கள். கைகளை விரித்த கறுப்புக் கிறிஸ்து. பணக்காரர் ஒருவரே வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது என்று, ஆளுக்கு அரை கிரவுனுக்கு (பழைய பிரிட்டிஷ் நாணயம்) மேல் வாங்காமல் நிதி திரட்டிச் செய்தது அது.

கோடையில் அலபாமா வெயில் நம்மூர் வெயிலுக்குக் குறைந்ததல்ல, காலையிலேயே போய்விடுங்கள். வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்.

தேவாலயத்தோடு திரும்பிவிடுவதுதான் பலரும் செய்யும் கடைசித் தவறு. கொஞ்ச தூரத்தில் ஏ. ஜி. காஸ்டன் மோட்டல் இருக்கிறது. கறுப்பினத் தொழிலதிபர் காஸ்டன் 1954-ல் திறந்தது. அதன் 30-ஆம் எண் அறையில்தான் போராட்டத்தைத் திட்டமிட்டார்கள். 1963 மே மாதம் அங்கேயும் குண்டு வெடித்தது. அதைத் தாண்டினால் 4-ஆம் அவென்யூ. வெள்ளையர் கடைத்தெருவில் மரியாதை கிடைக்காத மக்கள் தங்களுக்கென்று எழுப்பிக்கொண்ட கடைகளும் தியேட்டரும் இருந்த தெரு. முடிதிருத்தும் கடைகள் இப்போதும் அங்கே திறந்திருக்கின்றன.